கொல்லையில் ஒரு கோடைப் பந்தல்: மாசி முதல் கத்திரி வரை வீட்டைத் தயார்செய்யும் முழு வழிகாட்டி

எங்கள் வீடு திருச்சிக்கு வடகிழக்கே லால்குடிப் பக்கம், 1986-இல் கட்டிய கான்கிரீட் வீடு. முன்னால் ஒரு கூடம், மூன்று அறைகள், பின்னால் 30 அடிக்கு 25 அடி அளவில் ஒரு கொல்லை. பல ஆண்டுகள் சித்திரை பிறந்தவுடன் கொல்லைக் கதவைச் சாத்திவிட்டு, குளிர்சாதன வசதி (ஏசி) இருக்கும் ஒரே அறையில் ஆறு பேரும் அடைந்துகிடந்தோம். மின்சாரம் போனால் அந்த அறையும் இல்லை. மாமியார்தான் ஒரு நாள், “இவ்வளவு பெரிய கொல்லையை வச்சுக்கிட்டு எல்லாரும் ஏம்மா பொட்டிக்குள்ள படுத்துக் கிடக்கறீங்க?” என்று கேட்டார். அவர் பிறந்த வீட்டில் கோடைக்கு ஒரு கீற்றுப் பந்தல் போடுவார்களாம். பகல் முழுவதும் குடும்பம் அதன் கீழேதான் இருக்குமாம். அடுத்த ஆண்டு மாசியில் நாங்களும் தொடங்கினோம். அன்றிலிருந்து ஒவ்வொரு கோடையிலும் செய்து, தவறியதைத் திருத்தி, கற்றுக்கொண்ட வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வரிசை முக்கியம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திரைச்சீலை, மெத்தை உறை, தொங்கும் விளக்கு என்று கடைக்குப் போய்ப் பணத்தைச் செலவழித்த பிறகு வெயிலைப் பற்றி யோசிப்பவர்கள் அதிகம். நான் அதைத் தலைகீழாகச் செய்யச் சொல்கிறேன். நிழலை முதலில் உண்டாக்க வேண்டும், பிறகு தண்ணீருக்கு வழி செய்ய வேண்டும், உட்கார இடம் அமைக்க வேண்டும், அழகு அதன் பிறகுதான். நிழல் விழுந்த இடத்துக்கு வீட்டார் தாமாகவே வந்துவிடுவார்கள். அவர்கள் எங்கே உட்காருகிறார்கள் என்று தெரிந்த பிறகு அந்த இடத்தை அலங்கரித்தால் ஒரு பொருளும் வீணாகாது.

வெயில் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது

வேலையைத் தொடங்குவதற்கு முன் ஒரு நாள் முழுவதும் வீட்டைச் சுற்றி வந்து வெயிலைக் கவனியுங்கள். காலை 8 மணி, நண்பகல், மாலை 4 மணி ஆகிய மூன்று வேளைகளிலும் எந்தச் சுவரில், எந்த ஜன்னலில், கொல்லையின் எந்த மூலையில் வெயில் விழுகிறது என்று ஒரு காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டில் சித்திரை மாதத்துச் சூரியன் ஏறக்குறைய நம் உச்சந்தலைக்கு நேர்மேலே வந்துவிடுகிறது. கன்னியாகுமரியில் ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும், திருச்சியில் ஏப்ரல் 18, 19 தேதிகளை ஒட்டியும், சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலும் நண்பகலில் நட்டுவைத்த கம்புக்கு நிழலே இருக்காது. அதன் பிறகு ஆகஸ்டு வரை உச்சிவேளைச் சூரியன் சற்று வடக்கே சாய்ந்துதான் நிற்கிறது. ஆகவே கோடையில் தெற்குச் சுவரைப் பற்றி நீங்கள் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. நாள் முழுவதும் அடி வாங்குவது மொட்டை மாடி. அதற்கு அடுத்தபடியாக, சாய்ந்த வெயிலை நேராக வாங்கும் மேற்குச் சுவர். கிழக்குச் சுவரும் வெயிலை வாங்கத்தான் செய்கிறது, ஆனால் இரவு முழுவதும் ஆறிக் கிடந்த பிறகு வாங்குகிறது. மேற்குச் சுவர் ஏற்கெனவே பகலெல்லாம் சூடேறிய காற்றின் நடுவில் நின்றுகொண்டு வாங்குகிறது. அந்தச் சூட்டை நாம் படுக்கப்போகும் நேரத்தில் அறைக்குள் விடுகிறது. பந்தலையும் முடிந்தால் வீட்டின் மேற்குப் பக்கத்திலேயே போடுங்கள். ஒரே செலவில் சுவரும் ஆறும், உட்காரவும் இடம் கிடைக்கும். எங்கள் கொல்லை மேற்கே அமைந்தது எங்கள் நல்லூழ்.

மாசியில் செய்ய வேண்டியவை

கீற்றுக்கும் கம்புக்கும் மாசியிலேயே சொல்லிவைத்துவிடுங்கள். பங்குனி உத்திரம், திருவிழா, கல்யாணம் என்று வரிசையாக வந்துவிட்டால் கீற்று கிடைப்பதும் அரிது, வேய்பவர் கிடைப்பதும் அரிது. முடைந்த கீற்றை வாங்கும்போது, ஊறவைத்து முடைந்ததா என்று கேளுங்கள். தென்னை மட்டையை நடுவே பிளந்து, குளத்திலோ தொட்டியிலோ சில நாள் ஊறவைத்து முடைந்தால் ஓலை ஒடியாமல் வளையும், நெருக்கமாகவும் அமையும். ஒரு கீற்றை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். பொட்டுப் பொட்டாக வெளிச்சம் தெரிந்தால் போதுமானது, விரல் நுழையும் அளவுக்குச் சந்து இருந்தால் அது அவசரத்தில் முடைந்தது.

அதே வாரத்தில் பீர்க்கு, புடல், பாகல் விதைகளையும் ஊன்றிவிடுங்கள். பந்தல் கம்புகள் வரப்போகும் இடத்திலிருந்து ஓரடி தள்ளி, ஓரடி ஆழமும் அகலமும் உள்ள குழி தோண்டி, மட்கிய எருவும் தோண்டிய மண்ணும் சரிபாதி கலந்து நிரப்பி, குழிக்கு நான்கு விதை ஊன்றி, முளைத்த பிறகு திடமான இரண்டை மட்டும் விட்டுவையுங்கள். பந்தல் எழும்பும் பங்குனிக் கடைசியில் கொடி ஏறத் தயாராக இருக்கும். வெயில் கடுமையாகும்போது கொடியின் இலைகள் கீற்றின் மேல் இன்னொரு கூரையாகப் படரும்.

மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு

பங்குனி முதல் வாரத்தில் இதை முடித்துவிடுவது நல்லது. வெள்ளைப் பரப்பு வெயிலைத் திருப்பி அனுப்பிவிடுகிறது என்பதால், ஒரு கான்கிரீட் வீட்டில் இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு பலன் தரும் வேலை வேறு இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் மாடியை நன்றாகக் கூட்டி, பாசியைத் தேய்த்துக் கழுவி, வெடிப்புகளைச் சிமெண்ட் குழம்பால் அடைத்து இரண்டு நாள் நனைத்துவையுங்கள். சுண்ணாம்பு வெடிப்பை மறைக்குமே தவிர அடைக்காது. கடையில் பொடியாகக் கிடைக்கும் சுண்ணாம்பும் உதவும் என்றாலும், காளவாயில் சுட்ட கிளிஞ்சல் சுண்ணாம்பு கிடைத்தால் அதையே வாங்குங்கள். வெண்மையும் பிடிப்பும் கூடுதல். ஆனால் சுட்ட கிளிஞ்சலில் தண்ணீர் விட்டவுடன் அது கொதிக்கும் என்பதை மறந்துவிடக்கூடாது. பிளாஸ்டிக் வாளி இளகிவிடும். இரும்புப் பீப்பாயோ மண்தொட்டியோதான் வேண்டும். பிள்ளைகளை அருகில் விடாதீர்கள். கலக்குபவர் கண்ணாடியும் கையுறையும் அணிந்திருக்க வேண்டும். கண்ணில் ஒரு துளி தெறித்தாலும் உடனே நிறையத் தண்ணீரால் விடாமல் கழுவிக்கொண்டே இருந்து, பிறகு மருத்துவரிடம் போக வேண்டும். அதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவது பார்வைக்கே ஆபத்து.

ஓர் இரவு ஊறிய சுண்ணாம்பைப் பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, திக்கான மோர் பதத்துக்குக் கரைத்துக்கொள்ளுங்கள். எங்கள் கணக்கு 5 கிலோ சுண்ணாம்புக்கு 1 கிலோ வெள்ளைச் சிமெண்ட். அத்துடன் பெயிண்ட் கடையில் சுண்ணாம்புக்கென்றே விற்கும் பசையை, பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவுக்குச் சேர்த்துக்கொள்கிறோம். வெள்ளைச் சிமெண்ட் கலந்த பிறகு அது இறுகத் தொடங்கிவிடும். ஆகவே ஒரு மணி நேரத்தில் அடித்து முடிக்கக்கூடிய அளவுக்கு மட்டும் அவ்வப்போது கலந்துகொள்ளுங்கள். மாலை 5 மணிக்கு மேல், தரையில் தண்ணீர் தெளித்து, அது ஈரமாக இருக்கும்போதே அடியுங்கள். சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை மெல்ல உள்வாங்கித்தான் இறுகிக் கல்லாகிறது. அதற்கு ஈரம் வேண்டும். நண்பகலில் சுடுதரையில் அடித்தால் இரண்டு மணி நேரத்தில் காய்ந்து, பத்து நாளில் பொடியாக உதிர்ந்து, காலில் ஒட்டிக்கொண்டு வீடெல்லாம் வரும். எங்கள் முதல் ஆண்டு அனுபவம் அதுதான். முதல் பூச்சை நீளவாக்கிலும், மறுநாள் மாலை இரண்டாம் பூச்சைக் குறுக்குவாக்கிலும் அடித்து, அடுத்து மூன்று நாள் காலையும் மாலையும் தண்ணீர் தெளியுங்கள். ஈரமாக இருக்கும்போது அது சாம்பல் நிறமாகத் தெரியும். காய்ந்த பிறகுதான் வெண்மை வரும். வெண்மை தெரியவில்லையே என்று மூன்றாம் பூச்சு அடித்துவிடாதீர்கள், கனத்த பூச்சு பொருக்காக உரியும்.

தமிழ்நாட்டில் 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்ட பிறகு பெரும்பாலான வீடுகளில் மாடித் தண்ணீர் தொட்டிக்கோ கிணற்றுக்கோ இறங்குகிறது. சுண்ணாம்பு அடித்த ஆண்டில் முதல் இரண்டு மழையின் தண்ணீரைத் தொட்டிக்குள் விடாமல் வெளியே திருப்பிவிடுங்கள்.

மேற்குச் சுவரும் ஜன்னலும்

வெயிலை ஜன்னலுக்கு வெளியிலேயே நிறுத்த வேண்டும். கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த வெயிலைத் திரைச்சீலை மறைக்கும். ஆனால் அந்தச் சூடு ஏற்கெனவே அறைக்குள் வந்துவிட்டது. ஆகவே மேற்கு ஜன்னலுக்கு வெளியே, சுவரிலிருந்து அரையடி தள்ளி, மூங்கில் தட்டியைத் தொங்கவிடுங்கள். சுவருக்கும் தட்டிக்கும் இடையில் காற்று ஏறி இறங்க அந்த இடைவெளி தேவை. உள்ளே கனத்த திரைகளைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, வெளிர் நிறப் பருத்தித் திரை போடுங்கள்.

வெட்டிவேர்த் தட்டி பற்றி ஒரு சொல். ஈர வேரின் வழியே வரும் காற்று, அந்த ஈரத்தை ஆவியாக்குவதில் தன் சூட்டை இழந்து குளிர்ந்து வருகிறது. திருச்சி, மதுரை, வேலூர் போன்ற உலர்ந்த வெயிலுள்ள ஊர்களில் இது மிக நன்றாக வேலை செய்யும். சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ கடற்காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுதி. அங்கே வாசனைதான் கிடைக்கும், குளிர்ச்சி சிறிதளவே. அந்த ஊர்களில் இருப்பவர்கள் அந்தப் பணத்தைப் பந்தலுக்குச் செலவழிக்கலாம்.

எல்லா ஜன்னலுக்கும் கொசுவலைச் சட்டம் அடித்துவிடுங்கள். காலை 9 மணிக்கு ஜன்னல்களை மூடி, மாலை 6 மணிக்குத் திறந்து, இரவு முழுவதும் திறந்தே வைப்பதுதான் கோடையில் வீட்டை ஆற்றும் முறை. கொசுவுக்கு அஞ்சி இரவில் மூடினால் பகலில் சேர்ந்த சூடு உள்ளேயே தங்கிவிடும்.

பந்தல் போடுதல்

எங்கள் பந்தல் 12 அடிக்கு 10 அடி. ஆறேழு பேர் பாய் விரித்துப் படுக்க இது போதும். தேவையான பொருட்களை நாங்கள் வாங்கியபடியே சொல்கிறேன்: சவுக்குக் கம்பு 6, குறுக்கே போட 12 அடி மூங்கில் 3, அவற்றின் மேல் பரப்ப வரிச்சுக்குப் பிளந்த மூங்கில், முடைந்த கீற்று 60, தேங்காய் நார்க்கயிறு. பிளாஸ்டிக் கயிறு வாங்காதீர்கள். வெயிலில் இற்றுப்போகிறது, முடிச்சும் நழுவுகிறது. நார்க்கயிற்றை நனைத்துக் கட்டினால் காயக் காய இறுகும்.

வீட்டை ஒட்டிய மூன்று கம்புகள் தரைக்கு மேல் 8 அடியும், எதிர்ப்பக்கத்து மூன்று கம்புகள் 7 அடியும் நிற்க வேண்டும். எல்லாக் கம்புக்கும் 2 அடி மண்ணுக்குள் போக வேண்டும் என்பதால் 10 அடிக் கம்பு மூன்றும் 9 அடிக் கம்பு மூன்றும் வாங்குங்கள். பந்தல் ஏன் சாய்வாக இருக்க வேண்டும் என்று கேட்கலாம். நிழலுக்கு மட்டுமென்றால் தட்டையாகவே போடலாம். ஆனால் சித்திரை, வைகாசியில் மாலை நேரத்தில் திடீரென்று காற்றோடு கோடை மழை இறங்கும். முதல் ஆண்டு நாங்கள் தட்டையாகப் போட்டோம். ஒரே மழையில் கீற்று தண்ணீரைக் குடித்துக் கனத்து நடுவில் தொய்ந்து, ஒரு மூங்கில் முறிந்து, கீழே இருந்த கட்டிலின் மேல் விழுந்தது. அந்த நேரத்தில் மாமியார் அடுப்படிக்குப் போயிருந்தார். அதை நினைத்தால் இன்றைக்கும் மனம் பதறுகிறது. அன்றிலிருந்து சாய்வில்லாமல் போடுவதில்லை.

கம்பின் மண்ணுக்குள் போகும் பகுதியை நெருப்பில் வாட்டி, மேல்தோல் கருகும் வரை கருக்கிக்கொள்ளுங்கள். கரையான் அரிப்பது தாமதமாகும். கடப்பாரையால் ஆழமாகவும் குறுகலாகவும் குழி தோண்டி, கம்பை நிறுத்தி, செங்கல் துண்டும் மண்ணும் மாறி மாறிப் போட்டு, ஒவ்வோர் அடுக்கையும் தண்ணீர் விட்டு இடித்து இறுக்குங்கள். ஒரு பெரியவர் தோளால் முட்டித் தள்ளினாலும் கம்பு அசையக்கூடாது. அதன் பிறகு குறுக்கு மூங்கில்களைக் கட்டி, ஒன்றரை அடிக்கு ஒன்றாக வரிச்சு பரப்புங்கள்.

கீற்று வேய்வதில் ஒரே ஒரு விதிதான், ஆனால் அதைத் தவறவிட்டால் எல்லாம் வீண். தாழ்ந்த பக்கத்திலிருந்து தொடங்கி மேலே ஏற வேண்டும். முதல் வரிசையின் மேல் பாதியை இரண்டாம் வரிசையின் கீழ்ப்பாதி மூட வேண்டும், ஓடு வேய்வது போல. அப்போதுதான் மழைத் தண்ணீர் ஒன்றின் மேல் ஒன்றாக வழிந்து வெளியே விழும். வேய்ந்து முடித்த பிறகு, மேலே இரண்டு மூன்று வரிச்சுகளைப் போட்டு அடியிலிருக்கும் வரிச்சோடு சேர்த்து இழுத்துக் கட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் காற்று கீற்றைப் பிரித்துக்கொண்டு போகும்.

தகரம் போட்டால் பல ஆண்டு வருமே என்று கேட்பவர்கள் உண்டு. தகரம் வெயிலில் காய்ந்து, அந்தச் சூட்டை நம் தலைமேலேயே இறக்கும். பச்சை நிழல்வலை அதைவிடத் தேவலாம், வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு எளிது. ஆனால் கீற்றில் ஓலைக்கும் ஓலைக்கும் இடையில் காற்று தங்கியிருக்கிறது. அதுதான் சூட்டைத் தடுக்கிறது. நண்பகலில் கீற்றின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள், கை சுடாது.

கீற்று எளிதில் தீப்பிடிக்கும். பந்தலுக்குள் விறகு அடுப்பும் எரிவாயு அடுப்பும் வேண்டாம், தீபாவளியில் மிஞ்சிய மத்தாப்பும் வேண்டாம். மின்விளக்கு தொங்கவிட்டால் ஒட்டுப்போட்ட கம்பி இல்லாத நல்ல வயராக, கீற்றைத் தொடாமல் மூங்கிலோடு கட்டி இறக்குங்கள். மேலே மின்வாரியக் கம்பி போகிறதென்றால் அதற்குக் கீழே பந்தல் போடவே கூடாது.

சுவரை ஒட்டி ஒரு திண்ணை

பந்தல் ஆண்டுக்கு ஆண்டு மாறும். திண்ணை ஒரு முறை கட்டினால் நிலைத்திருக்கும். வீட்டுச் சுவரை ஒட்டி 6 அடி நீளம், 2 அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்பது முதியவர்கள் உட்கார்ந்து எழுவதற்கு ஏற்ற அளவு. மேல்மண்ணை அரையடி வெட்டி எடுத்து, செங்கல் ஜல்லி இட்டு இடித்து, அதன் மேல் அரைச்செங்கல் கனத்தில் முன்பக்கமும் இரு பக்கவாட்டும் எழுப்ப வேண்டும். மூன்று பக்கத்துக்குமாகச் சேர்த்து 80 செங்கல் வாங்கினால் உடைசலுக்கும் மிஞ்சும். கலவை ஒரு பங்கு சிமெண்டுக்கு ஆறு பங்கு மணல். உள்ளே கட்டட இடிபாடும் மணலும் கொட்டி, தண்ணீர் விட்டு அமுக்கி, ஒரு நாள் ஆறவிட்டு, அமிழ்ந்த இடத்தில் மறுபடி நிரப்பி, மேலே கடப்பா கல் பதியுங்கள். வெயிலில் கிடக்கும் கடப்பா கல் சுடும். நிழலில் கிடப்பது நண்பகலிலும் சில்லென்றிருக்கும். ஒரு வாரம் தண்ணீர் ஊற்றி நனைத்துவைத்த பிறகே உட்கார விடுங்கள். எங்கள் வீட்டில் அந்த ஒரு வாரம் பிள்ளைகளைத் தடுப்பதுதான் கட்டுவதைவிடப் பெரிய வேலையாக இருந்தது.

தண்ணீர்

மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-இல்தான் திறக்கப்படும் என்பதால், எங்கள் பக்கத்தில் கோடையில் வாய்க்கால் வறண்டு கிணற்று நீரும் இறங்கிவிடும். ஆகவே தோட்டத்துக்கென்று நல்ல தண்ணீரைச் செலவழிப்பதில்லை. குளியலறைத் தண்ணீரும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் ஒரு வாய்க்காலில் போய் முதலில் கல்வாழை, சேம்பு வரிசையில் வடிந்து, பிறகு வாழைக்குப் பாய்கிறது. பந்தல் கொடிகளுக்குப் பானைப் பாசனம் வைத்திருக்கிறோம். மெருகு பூசாத ஒரு மண்பானையைக் கொடியின் அருகே கழுத்து வரை புதைத்து, தண்ணீர் நிரப்பி, மூடிவைத்தால் பானையின் நுண்துளை வழியே கசியும் ஈரம் வேருக்கு நேராகப் போய்ச் சேரும். மேல்மண் காய்ந்திருக்கும், வேர் குளிர்ந்திருக்கும்.

மரத்தடிகளில் தேங்காய் மட்டையை முதுகுப்பக்கம் மேலே இருக்கும்படி அடுக்கி மூடாக்குப் போடுங்கள். ஆனால் அந்த மட்டைக் குவியலும் ஈரமும் வீட்டுக் கதவிலிருந்து குறைந்தது பத்தடி தள்ளி இருக்கட்டும். கோடையில் தேளும் பாம்பும் குளிர்ச்சி தேடித்தான் வருகின்றன. மட்டைக்கு அடியும் பானைக்கு அடியும் அவற்றுக்குப் பிடித்த இடங்கள். மட்டையைக் கையால் புரட்டாமல் கம்பால் புரட்டப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

குடிநீருக்குப் புதுப்பானை வாங்கினால், ஒரு நாள் முழுவதும் தண்ணீரில் அமிழ்த்தி வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புழங்குங்கள். சோப்புப் போட்டுத் தேய்க்கக்கூடாது. துளை அடைபட்டால் பானை வியர்க்காது, வியர்க்காத பானையில் தண்ணீர் குளிராது. பந்தலின் காற்றோட்டமான மூலையில் ஈர மணல் பரப்பி அதன் மேல் வைத்து, வெட்டிவேர் ஒரு கட்டு உள்ளே போட்டால் போதும். விடியற்காலையில் அந்தப் பானையின் வயிற்றைத் தடவினால் உள்ளங்கை முழுவதும் ஈரமாகிவிடும்.

காக்கை குருவிக்குத் தண்ணீர் வைக்கும் தட்டையும், தேங்கிய தண்ணீர் உள்ள எதையும் நாள்தோறும் கொட்டித் தேய்த்து மாற்றுங்கள். டெங்குவைப் பரப்பும் கொசு சுத்தமான தண்ணீரில்தான் முட்டையிடுகிறது. ஒரு வாரம், பத்து நாளில் முழுக் கொசுவாகிவிடுகிறது.

இப்போது அழகு

இவ்வளவும் முடிந்த பிறகு அலங்காரத்துக்கு வருவோம். பெரிதாக ஒன்றும் வாங்க வேண்டியதில்லை. கொல்லைச் சுவருக்கு மாடியில் மிஞ்சிய சுண்ணாம்பை அடித்து, தரையிலிருந்து ஓரடி உயரத்துக்குக் காவிப்பட்டை தீட்டினாலே இடம் துலங்கிவிடும். காவிக்குச் செம்மண்ணை ஊறவைத்துத் தெளியவிட்டு, அடியில் படியும் மைபோன்ற மண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பந்தலின் கீழ் மண்தரையைச் சாணம் தெளித்து மெழுகி, பிள்ளைகளைக் கோலம் போடச் சொல்லுங்கள்.

பஞ்சு மெத்தையும் ரெக்ஸின் இருக்கையும் கோடைக்கு ஆகாதவை. முசிறிக் கோரைப்பாய் எங்களுக்குப் பக்கத்திலேயே கிடைக்கிறது. தெற்கே இருப்பவர்களுக்குப் பத்தமடை இருக்கிறது. கோரை வியர்வையை வாங்கிக்கொள்ளும், உடம்பில் ஒட்டாது. கூட்டம் வந்தால் விரிக்க ஒரு பவானி ஜமக்காளம் போதும். ஒரு கயிற்றுக் கட்டில் இருந்தால் அது வீட்டு மூத்தவருக்கு. வேம்பில் ஊஞ்சல் கட்டுகிறீர்கள் என்றால் பச்சைக் கிளையாக, தொடை கனத்துக்குக் குறையாததாகத் தேர்ந்து, கயிறு உராயும் இடத்தில் பழைய சாக்கைச் சுற்றுங்கள்.

ஒரு குண்டுமல்லிச் செடியாவது வையுங்கள். மல்லிகை கோடையில்தான் பூத்துக் கொட்டும். கார்த்திகை கடைசியில் கவாத்து செய்திருந்தால் பங்குனியிலிருந்து நாள்தோறும் மொட்டு எடுக்கலாம். அதைவிட எனக்குப் பிரியமானது பீர்க்கம்பூ. வெள்ளரியும் பூசணியும் காலையில் பூக்கும்; வரியுள்ள பீர்க்கு மாலையில்தான் பூக்கும். ஐந்து, ஐந்தரை மணிக்குப் பந்தலின் கீழ் காபியோடு உட்கார்ந்தால், பகலெல்லாம் பச்சை முனையாகச் சுருண்டிருந்த மொட்டு நம் கண்ணெதிரே மெல்ல நெகிழ்ந்து, கசங்கிய மஞ்சள் பட்டைப் பிரிப்பது போல ஓர் இதழ், பிறகு இன்னோர் இதழ் என்று விரியும். எங்கள் சின்னவள் ஒரு கோடை முழுவதும் எந்த மொட்டு முதலில் விரியும் என்று அண்ணனோடு பந்தயம் கட்டினாள். தொலைக்காட்சியை அணைக்கச் சொல்லி நான் அவளிடம் சண்டை போடாத முதல் கோடை அது.

பகலை எப்படி நடத்துவது

ஏப்ரலில் தேர்வு முடிந்து ஜூனில் பள்ளி திறக்கும் வரை பிள்ளைகள் வீட்டில். காலை 9 மணிக்குள் வெளிவேலை எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும். 11 முதல் 4 வரை யாரும் வெயிலில் இறங்கக்கூடாது. மே 4-ஐ ஒட்டித் தொடங்கி 25 நாள் நீடிக்கும் கத்திரியில் இதில் விட்டுக்கொடுப்பதே இல்லை. அந்த நேரத்தில் பந்தலின் கீழ் பல்லாங்குழி, தாயம், பரமபதம். கட்டத்தைத் திண்ணைக் கல்லிலேயே சுண்ணாம்பால் வரைந்துகொள்வார்கள். மோர், பானகம், நுங்கு, வெள்ளரிப் பிஞ்சு ஆகியவை கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். யாருக்காவது வியர்வை நின்று, உடம்பு கொதித்து, பேச்சுக் குழறினால் அது வெயில் தாக்கம். நிழலில் கிடத்தி, ஈரத்துணியால் உடம்பெல்லாம் துடைத்துக்கொண்டே 108-க்கு அழையுங்கள்.

வடாம் போடும் நாள்தான் எங்கள் வீட்டில் கோடையின் பெரிய நாள். மாமியார் முதல் நாள் இரவே பச்சரிசி மாவைக் கரைத்துவைப்பார். விடியற்காலை 4 மணிக்கு உப்பு, பெருங்காயம், அரைத்த பச்சை மிளகாய் சேர்த்துக் கூழ் காய்ச்சி, ஆறிய பிறகு எலுமிச்சம்பழம் பிழிவார். வெயில் ஏறுவதற்குள் மாடியில் ஈர வேட்டியை விரித்து, பெரியவர்கள் பிழிய, பிள்ளைகள் கரண்டியால் ஊற்றி வட்டமாக்குவார்கள். வெள்ளை அடித்த மாடி அதிகமாகச் சுடாது என்றாலும் 9 மணிக்குள் இறங்கிவிட வேண்டும். காக்கைக்குக் கறுப்புக் குடையை விரித்து வைப்போம். மாலையில் துணியைத் திருப்பிப் போட்டு முதுகுப்பக்கம் தண்ணீர் தெளித்தால் வடாம் பட்டென்று பெயர்ந்து வரும். அதைத் தட்டில் போட்டு இன்னும் இரண்டு நாள் காயவைக்க வேண்டும். பெயர்த்து எடுக்கும்போது பாதி காய்ந்த வடாம் எத்தனை வாய்க்குள் போகிறது என்பதற்குக் கணக்கு வைக்காதீர்கள்.

ஆறு மணிக்கு ஜன்னல்களைத் திறந்து, கொல்லைக்குத் தண்ணீர் தெளித்து, மாடிக்கும் ஒரு வாளி தெளித்தால் இரவு படுக்கை சுடாது. சித்ரா பௌர்ணமி அன்று பந்தலை விட்டு வெளியே வந்து, மண்தரையில் ஜமக்காளம் விரித்து, புளியோதரையும் தயிர்சாதமும் கட்டுச்சோறாகக் கட்டி எடுத்துப் போய் நிலாச்சோறு சாப்பிடுகிறோம். கூப்பிடு தூரத்தில் இருக்கும் சித்தப்பா, அத்தை குடும்பங்களும் வந்துவிடுவார்கள்.

ஆனி கடைசியில் கீற்றைப் பிரித்துவிடுங்கள். ஆடிக் காற்று வந்தால் பந்தலையே தூக்கிக்கொண்டு போகும். நல்லபடி இருக்கும் கீற்றை உதறி, உலர்த்தி, அடுக்கி வைத்தால் அடுத்த ஆண்டு அடிவரிசைக்கு உதவும். இற்றுப்போனதை எருக்குழியில் போடுங்கள். கம்புகளைப் பிடுங்க வேண்டாம். அவற்றின் அடியில் ஆடிப்பட்டத்து அவரை விதையை ஊன்றிவிட்டால், தைப் பொங்கலுக்குக் குழம்பில் போட அந்தக் கம்பிலிருந்தே காய் பறிக்கலாம்.